கதவில்லாத படிக்கட்டு

என் அண்ணி நடந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சின்ன வயதில் மொட்டை மாடி ஏணியிலிருந்து விழுந்து வலது கால் முறிந்துபோனதாம். கட்டுப் போட்டவர் அவசரக்காரர் போலிருக்கிறது, எலும்பு கொஞ்சம் கோணலாகவே ஒட்டிக்கொண்டது. இடது கால் மெத்தென்று விழும், வலது கால் தொப்பென்று விழும். படியேறும்போது அந்தத் தொப் இன்னும் கனமாகக் கேட்கும். அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த புதிதில், "மாடியில அலமாரியை நகர்த்துறது யாரு?" என்று அண்ணனைக் கேட்டு அவனிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அண்ணிக்கு ஒரு சின்ன ஒப்பந்தக்காரரிடம் எஸ்டிமேட் போடும் வேலை. அரசாங்கம் பள்ளிக்கூடமோ பாலமோ கட்ட டெண்டர் விட்டால், வரைபடங்களும் நிபந்தனைகளும் கட்டுக் கட்டாக வரும். அதையெல்லாம் படித்து, எவ்வளவு சிமெண்டு, எவ்வளவு கம்பி, எத்தனை ஆள் என்று போட்டுக் கடைசியில் ஒரே ஒரு விலை சொல்ல வேண்டும். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. மற்றவர்கள் வாரக்கணக்கில் பட்ட பாட்டுக்கு "கலந்துகொண்டமைக்கு நன்றி" என்று ஒரு வரி வரும். சில நேரம் அதுவும் வராது.

நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை, பொதுப்பணி அலுவலகத்துக்கு எதிரிலேயே. டெண்டர் தேதி நெருங்கினால் ஊரிலுள்ள ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் எல்லாரும் என் கடையில்தான் நிற்பார்கள். வரிச் சான்று, வங்கிச் சான்று, முன்பு செய்த வேலைக்குச் சான்று, அந்தச் சான்று உண்மை என்பதற்கு இன்னொரு சான்று. எல்லாமே பல நகல்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, முத்திரை. அவர்களில் ஒருவர் ஜெயிப்பார். மற்ற அத்தனை பேரின் தோல்வியில்தான் என் கடை ஓடியது. உண்மையைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அண்ணி எஸ்டிமேட் போடும் விதமே தனி. மேசையில் வரைபடத்தை விரித்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, அப்படியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் காது கேட்காது.

"உன் அண்ணி இப்ப பள்ளிக்கூடத்து ரெண்டாவது மாடியில இருக்கா. இறங்கி வந்தப்புறம் டீ குடிப்பா, வச்சுட்டு வா" என்பான் அண்ணன். அவன் பஸ் மெக்கானிக். கிண்டலுக்கு மட்டும் குறைவில்லை.

நான் ஒரு நாள் கேட்டேன். "நிஜமாவே உள்ள போயிடுவீங்களா அண்ணி?"

"பின்ன? வெறும் அளவைப் பெருக்கினா விலை தப்பாப் போயிடும். கொத்தனார் எங்க நின்னு பூசுவார், செங்கல்லை எந்த வழியாத் தூக்கிட்டுப் போவாங்கன்னு நடந்து பார்த்தாத்தான் தெரியும்."

அவளை வாட்டி எடுத்தது ஆஸ்பத்திரி டெண்டர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம். முதல் தடவை போதுமான பேர் வரவில்லை என்று ரத்து செய்தார்கள். அடுத்த தடவை நிபந்தனைகளை மாற்றினார்கள். அதற்கும் அடுத்த தடவை வரைபடங்களையே மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய காகிதம் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. என் மெஷினுக்குச் சூடு ஆற நேரமில்லை.

அந்தக் கட்டடத்தில் பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு. நெருப்பு கிருப்பு பிடித்தால் நோயாளிகளை இறக்குவதற்கு. ஒரு வரைபடத்தில் ஒவ்வொரு மாடியிலும் அந்தப் படிக்கட்டுக்குக் கதவு இருந்தது. இன்னொரு வரைபடத்தில் கதவே இல்லை, வெறும் சுவர். டெண்டருக்கு முந்தின கூட்டத்தில் அண்ணி எழுந்து, எது சரி என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சில நாள் கழித்து எல்லாருக்கும் எழுத்தில் பதில் வந்தது: "வரைபடத்தில் உள்ளபடி."

அன்றைக்கு வீட்டில் அண்ணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எந்த வரைபடத்துல உள்ளபடிடா சாமி!"

வேறு வழியில்லாமல் கதவு வைத்து ஒரு கணக்கு, கதவில்லாமல் ஒரு கணக்கு. ஒவ்வொரு ரத்துக்கும் மறுபடி மறுபடி. "அந்தப் படியில ஏறி இறங்கின அளவுக்கு நான் நம்ம வீட்டுப் படியில ஏறினதில்ல பாப்பா" என்பாள். கடைசியில் வேலை வேறொருவருக்குப் போயிற்று. வரைபடங்களைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அடுத்த டெண்டர் வந்தது. வாழ்க்கை அப்படியே ஓடியது.

சில வருஷம் கழித்து அண்ணனுக்குப் பித்தப்பையில் கல். அதே ஆஸ்பத்திரியில், அந்தப் புதுக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் படுக்கை கிடைத்தது. அண்ணி அந்தக் கட்டடத்துக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் யாரையும் வழி கேட்கவில்லை.

"துணி அறை இடது பக்கம். அதைத் தாண்டினா மருந்து அறை. பாத்து வா, இங்க ஒரு சின்ன இறக்கம் இருக்கும்." சொல்லி வாய் மூடவில்லை, என் செருப்பு இறக்கத்தில் வழுக்கியது.

வார்டு நர்ஸ் அதைக் கேட்டுவிட்டாள். "இங்க வேலை பார்த்தீங்களாம்மா?"

"இல்லம்மா. தோத்துப் போனோம்" என்றாள் அண்ணி.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் போனாள். அங்கே ஒரு வெள்ளைச் சுவர். அதன்மேல் சாய்த்து உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெஞ்சு.

"இங்க கதவு வரணும்" என்றாள் மெதுவாக. "பின்னாடி படிக்கட்டு இருக்கு. கட்டாம விட்டுட்டாங்களா என்ன?"

மறுநாள் மத்தியானம். ஆபரேஷன் முடிந்து அண்ணன் மயக்கத்தில் இருந்தான். பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு அடங்கிக் கிடந்தது. நான் அந்தப் பெஞ்சில் சுவரில் சாய்ந்து கண் அசந்திருந்தேன். அண்ணி வருகிற சத்தம் கேட்டது. மெத், தொப். மெத், தொப். மாத்திரை வாங்கக் கீழே போனவள் வருகிறாள் போல என்று கண்ணைத் திறக்காமலே, "மாத்திரை கிடைச்சுதா அண்ணி?" என்றேன்.

சத்தம் நிற்கவில்லை. அது தாழ்வாரத்தில் வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால், சுவருக்குள்ளே, கீழிருந்து மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது.

கண்ணைத் திறந்தேன். எதிரே வார்டு கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் பிளாஸ்க்கோடு அண்ணி வெளியே வந்துகொண்டிருந்தாள்.

என் முகத்தைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "என்னடி? அவருக்கு ஒண்ணுமில்ல, தூங்குறார்."

சுவரைக் காட்டினேன். அவளும் கேட்டாள். என் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தாள், அவளுடைய நடையோ சுவருக்குள் மேலே போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள்.

"படி திரும்புற இடத்துல நிக்குது" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. "நானும் அங்கதான் நிப்பேன். கைப்பிடி அளவு அங்க மாறும்."

அப்போதுதான் பின்னால் நர்ஸ் வந்து நின்றாள். "நீங்களும் கேட்டுட்டீங்களா? மத்தியானம்தான் வரும். பெரிய சிஸ்டர் தண்ணிக் குழாய்னு சொல்லுவாங்க. குழாய் மூச்சு வாங்குமாம்மா?"

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக் கட்டடங்களைக் கவனிக்கும் இன்ஜினியரிடம் போனாள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் சின்ன அறை. மனிதர் நல்லவர், ஆனால் களைத்துப் போனவர். அண்ணி எஸ்டிமேட் போடுகிறவள் என்று தெரிந்ததும் மனம் விட்டுப் பேசினார்.

படிக்கட்டு கட்டியாகிவிட்டது. கதவு விஷயத்தில்தான் சண்டை. கதவு தன் விலையில் இல்லை என்றார் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர். இருக்கிறது என்றது அலுவலகம். விவகாரம் நடுவரிடம் போனது. தீர்ப்பு வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. திறந்து கிடக்கும் படியில் நோயாளி யாராவது தவறி விழுந்துவிடப் போகிறார்கள் என்று எல்லா மாடியிலும் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். தீர்ப்பு வருவதற்குள் அந்தக் கம்பெனியே மூடிப்போயிற்று.

"இப்ப உடைக்க வேண்டியதுதானே சார்?"

"எப்படிம்மா உடைக்கிறது? அதுக்கும் டெண்டர் விடணும். சுவரை உடைச்சுக் கதவு வைக்கிற வேலைக்கும் முழு ஆஸ்பத்திரி கட்டுற வேலைக்கும் எங்ககிட்ட ஒரே நிபந்தனைப் புத்தகம்தான். வேலையைவிட காகிதம் பெருசு. எத்தனையோ தடவை விட்டுப் பார்த்தாச்சு, ஒருத்தரும் வரல."

எழுந்திருக்கும்போது அண்ணி கேட்டாள். "உள்ள சத்தம் கேக்குதே, தெரியுமா சார்?"

இன்ஜினியர் மேசையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். "நான் மத்தியானத்துல அந்தப் பக்கம் போறதில்லம்மா" என்றார்.

அண்ணன் நல்லபடியாக வீடு திரும்பினான். திரும்பாதது அண்ணிதான் என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவளுக்குச் சாயங்காலமானால் முழங்கால் வீங்கியிருக்கும். மத்தியான வேளையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்கும். டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்தார். இதயம் நன்றாக இருக்கிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது, நிறைய மாடி ஏறாதீர்கள் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எங்கள் வீட்டில் மாடிக்கே அவள் போவதில்லை, துணி காயப்போடுவதுகூட நான்தான்.

நர்ஸின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாள் பேசினேன். "இப்பல்லாம் நிக்கிறதே இல்லக்கா" என்றாள் அவள். "ஏறிக்கிட்டே இருக்கு. இறங்குற சத்தமே கேக்கல. இவ்வளவு ஏறினா எங்கக்கா போய்ச் சேரும், இருக்கிறதே நாலு மாடி!"

இதை அண்ணியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவள் மறுநாளே முதலாளியிடம் போய் அந்தச் சுவர் வேலைக்கு விலை போட வேண்டும் என்றாள். அவர் பழைய காலத்து மனிதர், கொஞ்சம் முன்கோபி.

"உனக்கென்ன பித்தா? பேப்பர் செலவுக்கே கட்டுப்படியாகாது. வேலை முடிச்சாலும் பில் வாங்கறதுக்குள்ள நான் கிழவனாயிடுவேன்."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றாளாம் அண்ணி.

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரிம்மா. இத்தனை வருஷத்துல நீயா எதையும் கேட்டதில்ல. போடு."

போட்டார்கள். வேறு யாருமே போடவில்லை. அதனாலேயே ரத்து, ஒற்றை ஆளுக்குக் கொடுக்க விதியில்லையாம். மறுபடி விட்டார்கள், மறுபடி அதே சான்றுகள், அதே முத்திரைகள். என் கடையில் அண்ணி காகிதக் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நிற்பாள். நான் ஸ்டூலை நகர்த்திப் போடுவேன். இன்ஜினியர் மேலே எழுதி எழுதி, இரண்டாம் தடவையும் ஒரே ஆள் வந்தால் கொடுக்கலாம் என்று ஒரு விதியைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சுவர் உடைத்த அன்று நானும் போனேன். காலையிலேயே ஆரம்பித்தாலும் தூசி மறைப்பு கட்டி, நோயாளிகளை நகர்த்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கொத்தனார் சம்மட்டியை ஓங்கினார். முதல் ஓட்டை விழுந்ததும் அடைந்து கிடந்த காற்று முகத்தில் அடித்தது. ஈரமும் பூஞ்சையும் மணக்கும் என்று மூக்கைப் பொத்தத் தயாராக இருந்தேன். வந்தது பென்சில் சீவின வாசனை. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஆள் நுழையும் அளவுக்கு வழி வந்ததும் கொத்தனார் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். "யாரும்மா உள்ள பெருக்கி வச்சது?"

நானும் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு ஓரத்திலும் கனமாகத் தூசி. நடுவில் மட்டும் துடைத்து வைத்தாற்போல் சுத்தம். கைப்பிடியின் பெயிண்ட் கைபட்டுக் கைபட்டு மழுங்கிப் பளபளத்தது. கட்டி அடைத்ததிலிருந்து ஒரு மனிதக் கால் படாத படிக்கட்டு அது.

"நான் போயிட்டு வரேன்" என்றாள் அண்ணி.

"அண்ணி, வேணாம். நானும் வரேன்."

"நீ இங்கயே நில்லு."

டார்ச்சைக்கூட வாங்கவில்லை. இருட்டில் ஏறினாள். மெத், தொப். மெத், தொப். நான் ஓட்டைக்கு வெளியே கல்லும் மண்ணும் காலில் குத்த நின்றேன். பிறகு அந்த இன்னொரு சத்தமும் கேட்டது. மேலே, ரொம்ப உயரத்தில். அதுவும் மெத், தொப்தான், ஆனால் ஓய்ந்துபோன நடை. அது இறங்கி வந்தது. ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. கொத்தனார் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். இரண்டும் படி திரும்பும் இடத்தில் வந்து நின்றன.

அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் எது பதில் சொல்லுமோ என்று பயந்து பேசாமல் இருந்தேன்.

கடைசியில் ஒரே நடை இறங்கி வந்தது. இருட்டிலிருந்து முதலில் புடவை, பிறகு கை, பிறகு முகம். அண்ணிதான். கையைப் பிடித்தேன், வெயிலில் நடந்து வந்த மாதிரி சுட்டது.

"மேல யாரு அண்ணி?"

"யாருமில்ல" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான்."

அதன்பின் முழங்கால் வீக்கம் வடிந்தது. மூச்சிரைப்பும் போயிற்று. எல்லா மாடியிலும் கதவு வந்தது. நர்ஸுகள் டீ குடிக்க அந்த வழியாகத்தான் இறங்குகிறார்களாம், எங்கள் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை என்றாள் அந்த நர்ஸ்.

இது நடந்து கொஞ்ச நாளில் ஓர் ஆராய்ச்சிக்காரி முதலாளியைப் பார்க்க வந்தாள். நம் பாஷைதான் பேசினாள், வேலை மட்டும் வெளிநாட்டில். அரசாங்கக் கட்டட வேலைகளில், செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகாமல், டெண்டரிலும் காத்திருப்பதிலும் சண்டையிலும் மேற்பார்வையிலும் எவ்வளவு போகிறது என்று பல நாடுகளில் கேட்டு வருகிறாளாம். முதலாளி அவளை அண்ணியிடம் அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஏதோ காகிதம் கொடுக்க நானும் போயிருந்தேன்.

"தோத்துப் போன டெண்டர்களுக்குப் பட்ட உழைப்பை எந்தத் தலைப்புல சேர்ப்பீங்க?" என்று கேட்டாள்.

"எதுலயும் சேர்க்கறதில்லம்மா" என்றாள் அண்ணி. "அது அங்கயே இருக்கும்."

நான் அந்தப் பெண் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள். "வேற ஒரு நாட்டுலயும் ஒருத்தர் இப்படித்தான் சொன்னார். பெரிய பாலம் ஒண்ணுக்கு விலை போட்டுத் தோத்தவர். அந்தப் பாலத்து மேல அவர் வண்டி ஓட்டறதே இல்ல. நடுத்தூண்ல தன்னை மாதிரி ஒருத்தர் குனிஞ்சு அளந்துக்கிட்டிருக்கார்னு சொன்னார். நான் வயசான மனுஷர்னு விட்டுட்டேன்." அண்ணி பக்கம் குனிந்தாள். "நீங்க என்ன பண்ணீங்க?"

"போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். அவர்கிட்டயும் சொல்லுங்க."

இப்போதெல்லாம் டெண்டர் உறையை ஒட்டுவதற்கு முன்னால் அண்ணி வரைபடத்தை என் கடையில் விரித்து, மொட்டை மாடியிலிருந்து வாசல் கேட் வரைக்கும் விரலை வைத்து மெதுவாக இறங்கி வருவாள். வரிசையில் நிற்பவர்கள் முனகுவார்கள். அவள் வெளியே வரும்வரை நான் மெஷினைப் போட மாட்டேன்.

பழைய தோல்விகள்தான் நிறைய இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வண்டியில் உட்காரவைத்து ஒவ்வொரு இடமாகக் கூட்டிப் போனான். பள்ளிக்கூடத்தில் காவலாளி சும்மாவே விட்டார். நூலகத்தில் சந்தா கட்டி உள்ளே போனாள். தண்ணீர்த் தொட்டிக்கு அண்ணன் யாரையோ பிடித்து அனுமதி வாங்கினான், ஏணியில் ஏறும்போது கீழே நின்று பிடித்தும் கொண்டான். ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கி வரும்போது அவளுக்கு ஒரு வயது குறைந்தாற்போலிருக்கும்.

ஒன்றே ஒன்று பாக்கி. ஊருக்கு வெளியே புதுச் சிறைச்சாலை, கைதிகள் இருக்கும் உள்கட்டு. அதற்கு அவள் ஒரு மழைக்காலம் முழுக்க விலை போட்டிருந்தாள், அறை அறையாக. மனு கொடுத்துப் பார்த்தாள். உறவினர் யாராவது உள்ளே இருந்தால்தான் பார்க்க முடியும் என்று திருப்பிவிட்டார்கள். போன வாரமும் போனார்கள். அண்ணன் வண்டியோடு சாலையோரம் நிற்க, அண்ணி அந்தப் பெரிய கேட்டுக்கு எதிரே நின்றிருந்தாள். வாசல் காவலர் இறங்கி வந்து, "யாரைம்மா பார்க்கணும்? பேரு சொல்லுங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டாராம். அண்ணி வாயைத் திறந்தாள். தன் பேரையே சொல்ல முடியாமல் திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.